பழைய ரேசர், சவரக் கத்தி, பிரஷ்: குன்னூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாகப் பழைய சவரச் சாமான்களைச் சேர்த்து வருகிறேன். அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு அல்ல, அவற்றில் ஏதாவது ஒன்றில்தான் தினமும் காலையில் ஷேவ் செய்கிறேன். இந்தப் பழக்கம் தெரிந்தவர்கள் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன்.

கடையில் மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசர் கிடைக்கும்போது இந்தப் பழசு எதற்கு?

எனக்குக் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரி எழும்பும். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் இழுக்க, அடுத்தது தோலுக்கும் கீழே வெட்டிவிடும். சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முடி திரும்ப வளரும்போது வெளியே வராமல் உள்ளேயே மடங்கிக்கொள்ளும். ஒற்றை பிளேடுக்கு மாறிய ஒரே மாதத்தில் எனக்கு அது அடங்கியது. எல்லாருக்கும் அடங்கும் என்று எழுதித் தரமாட்டேன்.

செலவும் குறைவு. ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கும் காசில் சாதாரண இரட்டை முனை பிளேடு பல வாரத்துக்கு வரும். அப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் பழைய ரேசர் வாங்கியே செலவழித்துவிட்டேன் என்பது வேறு கதை, அதனால் சிக்கனத்துக்கு என்னை உதாரணம் காட்ட வேண்டாம்.

இந்த வகை ரேசர் எப்போது வந்தது?

கழற்றிப் போடும் மெல்லிய பிளேடு ரேசரை அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1903-இல் விற்க ஆரம்பித்தார். அந்த வருடம் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். அடுத்த வருடம் 90,000 ரேசருக்கு மேல். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்திக் கூர் ஏற்ற முடியாது என்று பலரும் கைவிரித்தபோது, அதைச் செய்து காட்டிய பொறியாளர் வில்லியம் நிக்கர்சன், ஆனால் பெயர் என்னவோ ஜில்லெட்டுக்குத்தான். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு சிப்பாய்களுக்கு ரேசர் கொடுத்து அனுப்பியதில், தானே ஷேவ் செய்துகொள்ளும் பழக்கம் அவர்களோடு வீடு திரும்பியது.

நீலகிரியில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

எதிர்பாராத இடத்தில். பழைய பங்களாவைக் காலி செய்யும்போது, எஸ்டேட் குவார்ட்டர்ஸை இடிக்கும்போது, ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது. குன்னூரை ஒட்டி வெலிங்டன் ராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ரேசர் இல்லாத பெட்டி குறைவு. துரைமார் விட்டுப்போனது, அவர்களைப் பார்த்து எஸ்டேட் கண்டக்டரும் ரைட்டரும் வாங்கியது, அப்புறம் அவர்கள் பிள்ளைகள் பரணில் போட்டது என்று மூன்று தலைமுறைச் சாமான் இங்கே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கீழே மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் முன் காயலான் கடையில் மறித்துவிட வேண்டும், அவ்வளவுதான். பித்தளை எடைக்குப் போனால் ரேசரும் குழாய் மூடியும் ஒன்றுதான்.

என் முதல் நல்ல வேட்டை ஒரு வீடு காலி செய்த விற்பனையில். கத்தி, கரண்டிகளுக்கு நடுவே நிக்கல் பூசிய தட்டையான பெட்டி ஒன்று இருந்தது. சிகரெட் பெட்டி என்று நினைத்து எடுத்தால் எடை கூடுதல். ஒரு பக்கம் மூடியைக் கழற்றினால் உட்புறம் சாணைக்கல், மறுபக்கம் தோல்வார், நடுவில் தடித்த ஒரு பிளேடு. அதன் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் பிளேடு தானாகவே புரண்டு புரண்டு கல்லில் தேயும், ஒவ்வொரு புரளலுக்கும் ‘டக்’, ‘டக்’ என்று சத்தம். அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், விலையும் அந்த நிமிடமே ஏறியது. அது ரோல்ஸ் ரேசர், லண்டனில் செய்தது, பிளேடு வாங்கவே தேவையில்லாத ரேசர். இந்தக் கம்பெனி பின்னால் வாஷிங் மெஷின் வியாபாரத்தில் இறங்கி 1964-இல் திவாலானது. விற்பனைக்குப் போனால் சத்தம் போடாமல் பாருங்கள், இது அன்று கற்ற பாடம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பற்கள். 1930-கள் வரை வந்த பல ரேசர்களில் தலைக்குக் கீழே சீப்புப் பல் மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் ஓரத்துப் பல் வளையும். கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வளைந்த பல்லை நிமிர்த்தப் போனால் பாதி சமயம் முறியும்.

இரண்டாவது கைப்பிடி. உள்ளே குழாயாக இருக்கும் பழைய கைப்பிடிகளில் நீளவாக்கில் கீறல் விடும். கழுத்தருகே நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்பட்டால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் நகருங்கள்.

மூன்றாவது, அடியில் இருக்கும் குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கிற பட்டாம்பூச்சி வகையாக இருந்தால், இரண்டும் ஒரே அளவு திறந்து ஒரே அளவு மூடுகிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு பிளேடு ஒரு பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் உங்கள் தாடைக்கு எமன்.

பூச்சு தேய்ந்திருப்பது பெரிய குறையே இல்லை. புதிதாகப் பூச்சு போட்டுப் பளபளக்கும் ரேசர்தான் எனக்குச் சந்தேகம் தரும். இணையத்தில் ஒருவர் ‘அறுபது வருடம் பெட்டியிலேயே இருந்தது’ என்று சொல்லி எனக்கு அனுப்பியதில், எழுத்துப் பொறிப்பு சோப்பில் எழுதிய மாதிரி மழுங்கியிருந்தது. தேய்த்து எடுத்துவிட்டு மேலே புதுப் பூச்சு போட்ட வேலை. கேட்டதற்குப் பதிலும் வரவில்லை.

என் ரேசர் எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் செய்த ஜில்லெட் என்றால் சுலபம். 1950-களின் தொடக்கத்திலிருந்து தலையின் அடிப்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ‘ஏ’ 1955, ‘பி’ 1956, ‘டி’ (D) 1958 என்று வரிசையாகப் போகும், கூட இருக்கும் எண் 1 முதல் 4 வரை, அந்த வருடத்தின் காலாண்டு. ‘டி’ எழுத்தும் 2-ம் இருந்தால் 1958-இன் இரண்டாம் காலாண்டு.

நம் மலையில் அதிகம் அகப்படுவதோ ‘மேட் இன் இங்கிலாண்ட்’. இந்தக் கணக்கை அதில் போட்டுப் பார்க்காதீர்கள், தப்பாகத்தான் வரும். அங்கே மாடலை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். சீப்புப் பல் இல்லாமல் வழவழப்பான ஓரம் வைத்த மூன்று துண்டு ‘டெக்’ மாடல் 1930-களின் கடைசியில் வந்தது, பல பத்தாண்டுகள் ஓடியது. புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நான் கையில் கொடுப்பது இதைத்தான். கெடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

பித்தளைதானே, புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். புளி சொம்புக்கு நல்லது, ஏனென்றால் சொம்பு முழுக்கப் பித்தளை. ரேசரில் பித்தளைக்கு மேலே நிக்கலோ வெள்ளியோ தங்கமோ முடியின் தடிமன்கூட இல்லாத அளவுக்குப் பூசியிருக்கும். புளியும் சாம்பலும் சேர்த்து அழுத்தித் தேய்த்தால் களிம்போடு பூச்சும் போகும். ஒருவர் வீட்டில் அவருடைய அம்மா ஆசையாகத் தேய்த்துக் கொடுத்த தங்கமுலாம் ரேசரைப் பார்த்தேன், கோயில் மணி மாதிரி மின்னியது, தங்கம்தான் இல்லை. அந்த அம்மாவிடம் என்ன சொல்வது, நல்லா இருக்குங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், கால் மணி நேரம் ஊறல், பழைய பல் துலக்கும் பிரஷ். நூற்றுக்குத் தொண்ணூறு ரேசருக்கு இதுவே போதும், ஏனென்றால் நாம் துரு என்று நினைப்பதில் பாதி காய்ந்த சோப்பு. விலைச் சீட்டின் பசை ஒட்டியிருந்தால் நம் ஊர் யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு, பஞ்சில் தொட்டுத் துடைத்தால் வழித்துக்கொண்டு வரும்.

யாரோ பயன்படுத்தியது. கிருமி பயம் இல்லையா?

பயம் நியாயமானதுதான், அளவோடு இருக்கட்டும். மஞ்சள்காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது தாக்குப்பிடிக்கும், ஆகவே நேற்று ஒருவர் பயன்படுத்தியதை இன்று நீங்கள் தொடக்கூடாது. முப்பது வருடம் பரணில் காய்ந்த ரேசரில் அது இருக்காது. இருந்தாலும் பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு, சோப்பால் கழுவி, மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் உலோகப் பகுதியை ஊறவைத்துத்தான் நான் முகத்தில் வைப்பேன். கொதிநீரில் போட வேண்டாம். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடிகள் கோணிவிடும். அதுபோக, ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கீழே கொதிக்கும் அளவுக்குச் சூடு ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் தடவை எப்படி ஷேவ் செய்வது? பயமாக இருக்கிறது.

குளித்த பிறகு செய்யுங்கள், மலைக்குளிரில் காலையில் முடி கம்பி மாதிரி நிற்கும். நுரை போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். ரேசரின் தலை கன்னத்தில் படும்படி கைப்பிடியை நேராக நீட்டிப் பிடித்து, கீழே இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். ஓர் இடத்தில் கறகறவென்று முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கும். அந்தக் கோணம்தான், ஏறக்குறைய 30 டிகிரி. அழுத்தாதீர்கள். பிளாஸ்டிக் ரேசரில் அழுத்திப் பழகிய கை இங்கேயும் அழுத்தும், ரத்தம் வருவது அதனால்தான். ரேசரின் எடையே போதும்.

முடி வளரும் திசையில் ஒரு முறை. அது போதாதென்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே. எதிர்த்திசை எல்லாம் இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கழுத்தில் முடி ஒரே திசையில் வளராது, இரண்டு நாள் தாடி இருக்கும்போது விரலால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று தெரியும்.

ஒரு பிளேடு எனக்கு நாலைந்து ஷேவ். டோபாஸ், செவன் ஓ கிளாக், எது வேண்டுமானாலும் வாங்குங்கள், நூறு வருடத்து ரேசருக்கும் இன்றைய பிளேடு பொருந்தும் என்பதுதான் இந்த வகையின் அழகே.

தாத்தா கண்ணாடி டம்ளரில் பிளேடைத் தேய்ப்பார். நாமும் செய்யலாமா?

என் தாத்தாவும் செய்வார். டம்ளரின் உள்பக்க வளைவில் பிளேடை விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்ப்பார், கீச்சென்று வரும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். அன்றைய பிளேடு கார்பன் எஃகு, அதில் மடங்கிய கூர் கொஞ்சம் நிமிரும். வில்கின்சன் ஸ்வார்ட் கம்பெனி 1962-இல் துருப்பிடிக்காத எஃகு பிளேடைக் கொண்டுவந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. இப்போதைய பிளேடின் கூர்மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது, தேய்த்தால் அதுதான் முதலில் போகும். டம்ளரில் டீ குடியுங்கள்.

சலூன் கத்தி மாதிரி மடக்குக் கத்தியும் பயன்படுத்துவீர்களா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும், யாரும் அவசரப்படுத்தாத நாளில். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இதற்குப் பேர்போன ஊர்கள், இந்த மலையில் கிடைப்பதில் ஷெஃபீல்ட் கத்திகள்தான் அதிகம். சலூன்களில் இப்போது யாரும் சாணை பிடித்த கத்தி வைப்பதில்லை. எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்திக்கு மாறிவிட்டார்கள், அது நல்லதுக்குத்தான்.

ஆரம்பத்தில் என் கத்தி ஒரு வாரத்தில் மழுங்கிப்போனது. கத்தியே மட்டம் என்று முடிவு கட்டி, மார்க்கெட் பக்கம் வயதான சலூன்கார அண்ணா ஒருவரிடம் காட்டினேன். முன்னங்கை முடியில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தோல்வாரில் தீட்டிக் காட்டச் சொன்னார். நான் நாலு முறை தீட்டியதுமே கையைப் பிடித்துக்கொண்டார்.

“கத்தி நல்ல கத்திதானுங்க. கெடுத்தது நீங்க. வார் கோடியில திருப்பறப்ப முதுகு மேல உருட்டித் திருப்பணும். நீங்க வாய் மேல திருப்பறீங்க. இப்படிப் பண்ணினா வாரும் போச்சு, வாயும் போச்சு.”

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. முதுகு வாரைவிட்டு எழும்பவே கூடாது, கூர் பின்னால் வரும்படி இழுக்க வேண்டும், ஒவ்வொரு ஷேவுக்கும் முன் முப்பது நாற்பது இழுப்பு. சாணைக்கல்லுக்குப் போவது சில மாதத்துக்கு ஒரு முறை போதும், அதுவும் கத்தி சாணை பிடிக்கும் சக்கரத்தில் கொடுத்தால் கதை முடிந்தது, சூட்டில் பதம் போய்விடும்.

கத்தியின் பிடி தந்தம் என்கிறார்கள். விலை அதிகமாகுமா?

தந்தம் என்றால் விலையே கிடையாது, வழக்குதான். 1972-ஆம் வருட வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின்படி யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம், பரம்பரையாக வந்ததை வைத்திருக்கவே வனத்துறையின் உரிமைச் சான்று வேண்டும். யாராவது நீட்டினால் கையில் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஆனால் வெள்ளையாக இருப்பதில் பெரும்பகுதி தந்தமே இல்லை. எலும்பு என்றால் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் தெரியும். விரலால் சூடுபறக்கத் தேய்த்தால் லேசாகக் கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு, அதன் தயாரிப்பிலேயே கற்பூரம் உண்டு. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வித்தையை விட்டுவிடுங்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். பழைய செல்லுலாய்டு அழுக ஆரம்பித்தால் அமிலப் புகை விட்டுப் பக்கத்துக் கத்தியையும் துருவாக்கும், அதனால் அவற்றைத் தனியாக வைக்கிறேன்.

பழைய பிரஷ்ஷும் பயன்படுத்தலாமா?

பிடியை மட்டும். முதல் உலகப் போர் சமயத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரைமுடி பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. அந்தக் கிருமியின் விதை பல பத்தாண்டு உறங்கிக் கிடக்கும். ரேசர் விஷயத்தில் நான் தைரியசாலி, இதில் இல்லை. பழைய முடிக்கொத்தைப் பிடுங்கிவிட்டு அதே பிடியில் புது செயற்கை முடிக்கொத்தை ஒட்டிக்கொள்கிறேன். மலையில் அது சீக்கிரம் காய்வதும் ஒரு வசதி, பன்றிமுடி பிரஷ் மழைக்காலத்தில் மறுநாள் காலையிலும் நசநசவென்றே இருக்கும்.

சோப்பா, கிரீமா?

எது பிடிக்கிறதோ அது. சோப்பைவிடத் தண்ணீர்தான் முக்கியம். குன்னூரில் ஓடைத் தண்ணீருக்குப் பத்துச் சுற்றில் தயிர் மாதிரி நுரை எழும்பும். அதே சோப்பு, அதே பிரஷ், திருப்பூரில் மாமா வீட்டு போர் தண்ணீரில் திரிந்த பால் மாதிரி ஆனது. அந்த மாதிரி ஊரில் இருப்பவர்கள் கேன் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துப் பாருங்கள். ஷேவ் முடிந்ததும் ஈர முகத்தில் படிகாரக் கட்டி. சின்ன வெட்டு என்றால் அதிலேயே ரத்தம் நின்றுவிடும், எங்கே அழுத்தினோம் என்பதையும் எரிச்சலே காட்டிக்கொடுக்கும்.

மழையிலும் பனியிலும் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

இதுதான் மலையில் உள்ளவனின் முழுநேரக் கவலை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனிலேயே ஆரம்பித்துவிடும், எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வாட்டும். மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நடந்து வரும் ஊரில் அலமாரியை மூடிவைத்தால் மட்டும் போதாது, தோல்வாரில் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். முதல் வருடம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். அது குளிரில் மெழுகாக உறைந்து, கத்தியின் மடிப்பில் அடைத்துக்கொண்டு, பிறகு காறலும் அடித்தது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், உறையாது, ஒட்டாது. குளியலறையில் எதையும் வைக்காதீர்கள். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சேர்த்துவைத்துப் பெட்டிக்குள் போடுங்கள்.

எனக்குத் தெரிந்து எண்ணெயைவிட நல்ல வழி, எல்லாவற்றையும் முறைபோட்டுப் பயன்படுத்துவது. மாதம் ஒரு முறையாவது கையில் எடுத்துக் கழுவித் துடைக்கிற ரேசரில் துரு வந்ததில்லை. பெட்டியோடு பத்திரமாகப் பூட்டிவைத்த ஒன்று இரண்டே மழைக்காலத்தில் பச்சை பூத்துக் கிடந்தது. அதனால் துடைத்து எடுக்க முடியாத அளவுக்கு இனி வாங்குவதில்லை, முப்பதோடு நிறுத்தியாயிற்று.

வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

முப்பத்தொன்று என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்.

தீர்ந்த பிளேடை எங்கே போடுவது?

குப்பைத்தொட்டியில் சும்மா போடாதீர்கள். குப்பை பிரிக்கும் தொழிலாளியின் கையைக் கிழிக்கும். எங்கள் ஊரில் அதற்கு முன்பே கரடியும் காட்டு மாடும் தொட்டியைக் கிளறிவிட்டுப் போகும். காலியான மில்க்மெய்ட் டின் ஒன்றின் மூடியில் உண்டியல் மாதிரி கீறல் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் நிரம்பவில்லை. நிரம்பினால் வாயை அடித்து மூடி, காயலான் கடைக்காரரிடம் உள்ளே பிளேடு என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன்.